ரீட் ஸ்விட்ச் செஸ் பலகை: கட்டத்தின் நடுவில் வைத்த காய் தெரிவதில்லை, நானோவும் பாதி ஆட்டத்தில் நின்றுவிடுகிறது

அந்தியூர் காயில் கடை எழுதியது:

வணக்கமுங்க. அந்தியூர்ப் பக்கம் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறேன். கிணற்று மோட்டார், சப்மெர்சிபிள், கிரைண்டர் மோட்டார் எல்லாவற்றுக்கும் காயில் கட்டுவேன். ஆர்டுயினோ என்கிற சின்னக் கம்ப்யூட்டர் போர்டைத் தொட்டது இரண்டு வருஷமாகத்தான், அதுவும் கடை சாத்திய பிறகு ராத்திரியில்.

எங்கள் அப்புச்சிக்கு, அதாவது அம்மாவின் அப்பாவுக்கு, 86 வயது. நினைவு தெரிந்த நாளிலிருந்து சதுரங்கம் ஆடுகிறவர். கூட ஆடிய மூன்று பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இப்போது ஆசாரத்தில் (முன்கூடத்தில்) கட்டில்மேல் பலகையை வைத்துக்கொண்டு இரண்டு பக்கத்துக்கும் அவரே காய் நகர்த்துகிறார். வெள்ளைக்கு நகர்த்திவிட்டு, எழுந்து அந்தப் பக்கம் போய் உட்கார்ந்து கருப்புக்கு யோசிப்பார். முழங்கால் வலியோடு ஒரு ஆட்டத்துக்கு அறுபது எழுபது தடவை எழுந்து உட்காருவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

போனில் ஆடக் கற்றுக்கொடுத்துப் பார்த்தேன். கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தும் அந்தச் சின்னத் திரை அவருக்குப் பிடிபடவில்லை. "காயைக் கையில தூக்கி வெச்சாத்தான் கண்ணு ஆட்டம்" என்று சொல்லிவிட்டார். சரி, பலகையே எதிராளியாக உட்காரட்டும் என்று ஆரம்பித்த வேலை இது.

இதுவரை செய்தது: 5 செ.மீ. கட்டம், 40 செ.மீ. பலகை, மேலே 3 மி.மீ. பிளைவுட், உள்ளே 45 மி.மீ. ஆழம். காய்கள் அப்புச்சியின் பழைய மரக்காய்கள். துளை போட அவருக்கு மனசில்லை. அதனால் 10 மி.மீ. விட்டம், 2 மி.மீ. தடிமன் நியோடிமியம் காந்தத்தை அடியில் ஒட்டி மேலே வெல்வெட் துணி போட்டுவிட்டேன். கட்டத்துக்கு ஒரு ரீட் ஸ்விட்ச் (காந்தம் பக்கத்தில் வந்தால் மூடிக்கொள்கிற ஸ்விட்ச்), 14 மி.மீ. கண்ணாடிக் குழாய். 8 வரிசை, 8 பத்தி மேட்ரிக்ஸ். ஒவ்வொரு ஸ்விட்சுக்கும், கரண்டை ஒரே திசையில் மட்டும் விட, ஒரு 1என்4148 டயோடு. டயோடு இல்லாமல் முதலில் செய்து பார்த்தேன். செவ்வகத்தின் மூன்று மூலையில் காய் இருந்தால் நான்காவது காலி மூலையிலும் காய் இருப்பதாகக் காட்டியது. ஆட்டம் தொடங்கும்போதே 32 காய் நிற்கிறது, அதில் எதை நம்புவது? வயரிங் முழுக்கக் கடையில் மிஞ்சிய 28 கேஜ் எனாமல் கம்பி. முனையைச் சுரண்டி ஈயம் பூசி வைத்துவிட்டால் அதைவிடச் சுத்தமான வயரிங் கிடையாது. ஸ்விட்சுகளைப் படிக்க ஒரு 74எச்சி165 சிப், மேட்ரிக்ஸை ஓட்ட ஒரு 74எச்சி595 சிப், விளக்குக்கு மேக்ஸ்7219 சிப், மூளை ஆர்டுயினோ நானோ.

பிரச்சினை ஒன்று. 64 கட்டத்தில் 11 கட்டம் மட்டும் காயை நடுவில் வைத்தால் பார்ப்பதில்லை, ஓரமாகத் தள்ளினால் பார்க்கிறது. ஸ்விட்சை மாற்றிப் போட்டும் அதே கதை. இதில் மனசுக்குக் கஷ்டம் என்னவென்றால், அந்த 11-ம் கடைசியாகப் போட்டவை. முதல் 53-ஐக் கண்பார்வையில் ஒட்டினேன். கோணல்மாணலாக வருகிறதே என்று அட்டையில் அச்சு வெட்டி, மிகச் சரியாக நடுவில் வைத்து ஒட்டியவைதான் வேலை செய்யவில்லை.

பிரச்சினை இரண்டு. புரோகிராம் நானே எழுதியது. மூன்று நகர்வு ஆழம் யோசிக்கச் சொன்னால் ஓடுகிறது. நான்கு கொடுத்தால் தொடக்கத்தில் சரியாக ஆடி, காய்கள் மோத ஆரம்பித்ததும் நின்றுவிடுகிறது. சில சமயம் தானாக ரீசெட் ஆகிறது.

மூன்றாவது, அப்புச்சி ஆடுவது பழைய ஆட்டம். சிப்பாய்க்கு முதல் நகர்விலும் ஒரு கட்டம்தான். ராஜாவும் யானையும் ஒரே நகர்வில் இடம் மாறுகிற காஸ்ட்லிங் கிடையாது. அதற்குப் பதிலாக, செக் வாங்காத வரைக்கும் ராஜா ஒரே ஒரு முறை குதிரை மாதிரி தாவலாம். கடைசி வரிசை ஏறிய சிப்பாய் எந்தக் காயின் பத்தியில் ஏறியதோ அந்தக் காயாகும். ராஜா பத்தியில் ஏறினால் மந்திரி. ராணியை அவர் மந்திரி என்றுதான் சொல்வார். இந்த விதிகளை எஞ்சினில், அதாவது ஆடுகிற புரோகிராமில், எங்கே மாற்றுவது, மாற்றியது சரி என்று எப்படித் தெரிந்துகொள்வது?


கோவை சர்க்யூட் எழுதியது:

அண்ணா, உங்கள் அட்டை அச்சுதான் காரணம். உங்கள் வேலையில் குறையில்லை.

ரீட் ஸ்விட்ச் உள்ளே இரண்டு இரும்பு இதழ். காந்தக் கோடு குழாயின் நீளவாக்கில் ஒரு முனையில் நுழைந்து மறு முனையில் வெளியேறினால், நடுவில் எதிரெதிரே நிற்கும் நுனிகளில் ஒன்று வடக்கும் மற்றது தெற்கும் ஆகும். அப்போதுதான் ஒன்றையொன்று இழுத்து ஒட்டும். நீங்கள் குழாயைப் படுக்க வைத்திருக்கிறீர்கள். காய்க்கு அடியில் இருக்கிற வட்டக் காந்தத்தின் துருவமோ கீழ்நோக்கி இருக்கிறது. அது குழாயின் நட்டநடுவுக்கு மேலே வந்தால் கோடுகள் நடுவில் இறங்கி இரண்டு பக்கமும் பிரிந்து ஓடும். இரண்டு நுனியும் ஒரே துருவம். ஸ்டேட்டர் கட்டுகிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஒரே துருவம் எங்கே ஒட்டும்?

கண்ணால் பார்க்க ஒரு வழி. ஒரு ரீட் ஸ்விட்சை மேசையில் வைத்து மல்டிமீட்டரை பஸ்ஸரில் போடுங்கள். காந்தத்தைக் குழாய்க்கு மேலே ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு மெதுவாக நகர்த்துங்கள். பீப், மௌனம், மறுபடி பீப். அந்த மௌனம்தான் உங்கள் 11 கட்டம். மற்ற 53 கட்டமும் கோணலாக ஒட்டியதால் பிழைத்தன.

குழாயை 7, 8 மி.மீ. ஓரமாக நகர்த்தினால் நடுவில் வைத்த காய் தெரியும். ஆனால் மௌனப் பகுதி கட்டத்துக்குள் வேறு இடத்துக்குப் போகும், அவ்வளவுதான். 86 வயதுக் கை எல்லாக் காயையும் நட்டநடுவிலேயே வைக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. உங்களிடம் 45 மி.மீ. ஆழம் இருக்கிறதே, குழாயைச் செங்குத்தாக நிறுத்திவிடுங்கள். அப்போது கோடு குழாய் வழியாகவே இறங்கும், நடுவில்தான் பிடி அதிகம், சுற்றிலும் வட்டமாக உணரும். 64-ஐயும் மாற்றுங்கள்.

காலை வளைக்கும்போது கண்ணாடிக்கும் வளைவுக்கும் நடுவில் நோஸ் பிளையரால் பிடித்துக்கொண்டு வளையுங்கள். கண்ணாடியோரத்திலேயே வளைத்தால் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். இன்று வேலை செய்யும், ஒரு மாதத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். ரீட் ஸ்விட்சுக்கு எந்தத் துருவமும் சரிதான். ஆனாலும் 32 காந்தத்தையும் ஒரே துருவம் கீழே வருகிற மாதிரி ஒட்டுங்கள், பக்கத்துக் காய்கள் ஒன்றையொன்று இழுக்காது.


பெருந்துறை செஸ் வாத்தியார் எழுதியது:

நல்ல முயற்சி. பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவன் என்பதால் ஒன்று சொல்கிறேன். பெரியவருக்கு இன்றைய சர்வதேச விதிகளைப் பழக்கினால் என்ன? சிப்பாய் இரண்டு கட்டம், காஸ்ட்லிங் இரண்டையும் ஒரு வாரத்தில் பழகிவிடலாம். பேரப்பிள்ளைகளோடும் ஆடலாம். உங்களுக்கும் எஞ்சினை உடைத்து மாற்றுகிற வேலை மிச்சம்.

இன்னொன்று. வயதானவர்கள் பலர் காயைத் தூக்க மாட்டார்கள், பலகையோடு இழுப்பார்கள். யானையை ஏ1-இலிருந்து ஏ7-க்கு இழுத்தால் நடுவில் ஐந்து கட்டத்தின் ஸ்விட்சும் ஒரு கணம் ஒட்டி மின்னும். அதை யோசித்தீர்களா?


அந்தியூர் காயில் கடை எழுதியது:

சர்க்யூட் தம்பி, பீப், மௌனம், பீப். கடையில் நின்றபடியே செய்து பார்த்தேன். கல்லாவில் இருந்த பையனையும் கூப்பிட்டுக் காட்டினேன். ரொம்ப நன்றிங்க.

வாத்தியார் ஐயாவுக்கு. நீங்கள் நல்லெண்ணத்தில் சொல்வது புரிகிறது. நானே போன வருஷம் காஸ்ட்லிங் சொல்லிக்கொடுத்துப் பார்த்தேன். அவர் கேட்டுக்கொண்டார், ஆடவும் செய்தார், ஆனால் அன்றைக்கு அரை மணியில் பலகையை எடுத்து வைத்துவிட்டார். அவருடைய ஆட்டமே வேறு. ஜி2 சிப்பாயை ஒரு படி தள்ளி வைப்பார். பதினைந்து நகர்வு கழித்து, எல்லாரும் மறந்திருக்கும்போது ராஜா இ1-இலிருந்து ஜி2-க்குத் தாவும். அதைச் செய்துவிட்டு ஒரு பார்வை பார்ப்பார். அந்தத் தாவலுக்காகவே எழுபது வருஷம் ஆடியிருக்கிறார். அதை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டு ஒரு மெஷினைக் கொடுக்க எனக்கு இஷ்டமில்லை. மெஷின் அவர் ஆட்டத்தைக் கற்றுக்கொள்ளட்டும்.

காயை இழுப்பது பற்றி நீங்கள் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. அவர் இழுப்பவர்தான்.


பல்லடம் ராத்திரி ஷிஃப்ட் எழுதியது:

அண்ணா, உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். நானோவில் இருக்கிற ஏடிமெகா328பி சிப்புக்கு ஃபிளாஷ் (புரோகிராம் இருக்கிற இடம்) 32 கேபி, ராம் (ஓடும்போது எழுதி அழிக்கிற இடம்) வெறும் 2 கேபி, அதாவது 2048 பைட். நகர்வுப் பட்டியலை ஃபங்ஷனுக்குள்ளேயே வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். யோசிக்கிற ஒவ்வொரு நகர்வு ஆழமும் ஓர் அடுக்கு. 100 நகர்வு, நகர்வுக்கு 4 பைட் என்று வைத்துக்கொண்டால் ஓர் அடுக்குக்கு 400. நான்கு அடுக்குக்கு 1600. பலகை, சீரியல் பஃபர், மற்றதெல்லாம் சேர்த்தால் விளிம்பில் நிற்கிறது. தொடக்கத்தில் தப்பிக்கும். காய்கள் மோதும்போது நல்ல எஞ்சின் வெட்டுகளை மட்டும் நான்குக்கும் கீழே தொடர்ந்து பார்க்கும், இல்லாவிட்டால் வெட்டின மந்திரி திருப்பி வெட்டப்படுவது தெரியாமல் ஏமாறும். ஐந்தாவது, ஆறாவது அடுக்கு இறங்கியதும் ஸ்டாக், அதாவது ராமில் ஃபங்ஷன்கள் தற்காலிகமாக எழுதுகிற பகுதி, வளர்ந்து மற்ற தரவுகளின் மேலேயே எழுத ஆரம்பிக்கிறது. அதுதான் நீங்கள் பார்க்கும் ரீசெட்.

பட்டியலே வேண்டாம். ஒரு நகர்வு கிடைத்ததும் உடனே ஆடிப் பார்த்து, மதிப்பை வாங்கி, திரும்ப எடுத்துவிட்டு அடுத்த நகர்வைத் தேடுங்கள். ஓர் அடுக்குக்கு ஐம்பது பைட் அளவில் முடிந்துவிடும். எச்.ஜி. முல்லர் எழுதிய மைக்ரோமேக்ஸ் இப்படித்தான் செய்கிறது. இடைவெளி நீக்கினால் 2000 எழுத்துக்குள் அடங்குகிற சி புரோகிராம் அது. வாசிக்கப் பொறுமை வேண்டும், ஆனால் ஒவ்வொரு வரியும் பாடம். பட்டியல் வேண்டும் என்றால் எல்லா அடுக்குக்கும் பொதுவாக ஒரே ஒரு பட்டியல் வையுங்கள், நகர்வுக்கு 2 பைட் போதும். எங்கிருந்து என்பதற்கு 6 பிட், எங்கே என்பதற்கு 6 பிட், மிச்சம் 4. அப்புறம் சீரியலில் அச்சிடுகிற வாசகங்களை எஃப் மேக்ரோவில் போட்டு ஃபிளாஷில் வைத்துவிடுங்கள். அவை சும்மா ராமைத் தின்கின்றன.

யாராவது ஈஎஸ்பி32 என்கிற பெரிய சிப் வாங்கச் சொல்வார்கள். நல்லதுதான், 240 மெகாஹெர்ட்ஸ், 520 கேபி ராம். ஆனால் ஆர்டுயினோவில் எழுதினால் லூப் ஓடுகிற டாஸ்குக்குக் கிடைக்கிற ஸ்டாக் வழக்கமாக 8 கேபிதான். இதே கோடை அப்படியே ஏற்றினால் கொஞ்சம் தள்ளி அங்கேயும் விழும். முதலில் இங்கே சரி செய்யுங்கள். 1976-இல் பீட்டர் ஜென்னிங்ஸ் கிம்-1 என்ற ஒற்றைப் பலகைக் கம்ப்யூட்டரில் 1 கேபி நினைவகத்துக்குள் மைக்ரோசெஸ் எழுதினார். அதன் 6502 சிப்பின் வேகம் 1 மெகாஹெர்ட்ஸ். உங்கள் கையில் இருக்கிற நானோ 16 மெகாஹெர்ட்ஸ். ராத்திரி ஷிஃப்டில் தறி ஓடுகிற சத்தத்தில் அந்தக் கதையை முதன்முதலில் படித்தபோது எனக்குத் தூக்கம் போய்விட்டது.

விதிகளைச் சோதிக்க, எத்தனை விதமாக ஆடலாம் என்று எண்ணிப் பார்ப்பதுதான் ஒரே வழி. சர்வதேச விதியில் தொடக்க நிலையிலிருந்து ஒரு நகர்வுக்கு 20, இரண்டுக்கு 400, மூன்றுக்கு 8902, நான்குக்கு 197281 என்று வரவேண்டும். உங்கள் அப்புச்சி ஆட்டத்தில் சிப்பாய் 8, குதிரை 4, ராஜா தாவல் டி3, எஃப்3 என்று 2, ஆக 14. இரண்டாவது அடுக்கு 14 பெருக்கல் 14, 196. இதில் ஒன்று கூடினாலும் குறைந்தாலும் அங்கேயே நிறுத்தித் தேடுங்கள். எஞ்சின் பலவீனமாக ஆடுவதாக நாம் நினைப்பது பெரும்பாலும் நகர்வு எண்ணுவதில் உள்ள பிழைதான்.

இன்னொரு நல்ல செய்தி. சிப்பாய்க்கு இரட்டை அடி இல்லையென்றால், இரட்டை அடி வைத்துத் தாண்டின சிப்பாயை வெட்டுகிற ஆன்பாசான் விதி தானாகவே போய்விடும். காஸ்ட்லிங் இல்லை. தாவல் பாக்கி இருக்கிறதா என்று பக்கத்துக்கு ஒரு பிட் போதும். சிப்பாய் எந்தக் காயாக ஏறுகிறது என்று பட்டன் வைத்துக் கேட்கவும் வேண்டாம், பத்தியே சொல்லிவிடும். உங்கள் பெரியவரின் ஆட்டம் சின்ன சிப்புக்கென்றே செய்த மாதிரி இருக்கிறது.


அந்தியூர் காயில் கடை எழுதியது:

நான்கு வாரம் ஆகிவிட்டது, மன்னிக்கவும். வெயில் காலம், போர்வெல் மோட்டார் வரிசையில் நின்றது.

64 ரீட் ஸ்விட்சையும் நிறுத்தி வைத்துவிட்டேன். வளைக்கும்போது மூன்று உடைந்தது. இப்போது காயைக் கட்டத்தின் ஓரத்தில் வைத்தாலும் பிடிக்கிறது.

பட்டியலைத் தூக்கிவிட்டு எழுதினேன். நான்கு ஆழம், வெட்டுகளுக்கு மட்டும் அதற்குக் கீழே நான்கு, நிற்காமல் ஓடுகிறது. எண்ணிக்கை முதலில் 14 வந்தது, இரண்டாவதில் 196-க்குப் பதில் 182 வந்தது. இரண்டு நாள் தேடினேன். தாவல் பிட்டைத் திரும்ப எடுக்கும்போது மீட்கவில்லை. வெள்ளை ராஜா ஒருமுறை தாவிப் பார்த்ததும், அந்தப் பிட் போனது போனதுதான். கடைசி அடுக்கை ஆடிப் பார்க்காமல் எண்ண மட்டும் செய்ததால் முதல் எண்ணிக்கையில் இது தெரியவில்லை. இரண்டாவதில் வெள்ளையின் இரண்டு தாவலில் ஒன்றுதான் வந்தது, 13 பெருக்கல் 14, 182. சரி செய்ததும் 196. பல்லடம் தம்பி அந்த எண்ணைச் சொல்லாமல் இருந்தால் இந்தப் பிழையோடுதான் அப்புச்சி முன்னால் வைத்திருப்பேன். அவருடைய தாவலையே மெஷின் மறுத்திருக்கும்.

இழுப்பதற்குச் செய்தது: நடுவில் மின்னுகிற எதையும் நம்புவதில்லை. பலகை ஒரு நொடி அசையாமல் இருந்த பிறகு எந்தக் கட்டத்தில் காய் இருக்கிறது என்று பார்க்கிறேன். செல்லுபடியாகும் ஒவ்வொரு நகர்வையும் ஆடிப் பார்த்து, எதன் முடிவு பலகையோடு ஒத்துப்போகிறதோ அதுதான் அவர் ஆடியது. எதுவும் ஒத்துப்போகாவிட்டால் மெஷின் பேசாமல் காத்திருக்கும்.

இதில் ஒரு இடத்தில் மாட்டினேன். மூன்றாம் நாள் ஆட்டம். அவருடைய குதிரை இ5-இல். அதற்கு வெட்ட இரண்டு சிப்பாய், சி6-இல் ஒன்று, ஜி6-இல் ஒன்று. அவர் ஜி6-ஐ வெட்டினார். முடிவில் இ5 காலி, ஜி6-இல் காய். சி6-ஐ வெட்டியிருந்தாலும் இ5 காலி, சி6-இல் காய், ஜி6-இலும் காய். பலகைக்கு இரண்டும் ஒன்றுதான். மெஷின் சி6 என்று எடுத்துக்கொண்டு ஆடிவிட்டது. அவர் என்னைப் பார்த்து, "இது ஆட்டம் தெரியாம ஆடுது கண்ணு" என்றார். அன்று ராத்திரி படுக்கவில்லை. வெட்டும்போது மட்டும் எந்தக் கட்டம் ஒரு கணமாவது காலியானது என்பதைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். 64 கட்டத்துக்கு 64 பிட், 8 பைட் போதும். அவர் வெட்டும்போது எதிரியின் காயை முதலில் தூக்கிவிட்டுத்தான் தன் காயை இழுக்கிறார், அதனால் இது சரியாக வேலை செய்கிறது.

கரண்ட் போனால் ஆட்டம் கலையக் கூடாது என்று ஒவ்வொரு நகர்வுக்கும் நிலையை ஈஈபிராமில் (கரண்ட் போனாலும் அழியாத நினைவகத்தில்) எழுதுகிறேன். கட்டத்துக்கு 4 பிட், மொத்தம் 32 பைட், கூட இரண்டு தாவல் பிட். மாறிய பைட்டை மட்டும் எழுதினால் போதும்.


பெருந்துறை செஸ் வாத்தியார் எழுதியது:

அந்தத் தாவல் பற்றி எழுதியதைப் படித்தபோது என் அப்பாவும் அப்படித்தான் ஆடினார் என்பது நினைவுக்கு வந்தது. நான் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். பெரியவருக்கு விளக்கு கண்ணில் தெரிகிறதா? மெஷின் எந்தக் காயை நகர்த்தச் சொல்கிறது என்று எப்படி அறிகிறார்?


அந்தியூர் காயில் கடை எழுதியது:

விளக்கு பகலில் அவருக்குச் சரியாகத் தெரியவில்லைங்க ஐயா. அதனால் பதிவு செய்த ஒலியை ஓட்டுகிற டிஎஃப்பிளேயர் மினி போர்டு ஒன்று வாங்கிக் குரல் வைத்துவிட்டேன். எழுத்து எட்டு, எண் எட்டு, காய் ஆறு, அப்புறம் வெட்டு, செக், தாவல். மொத்தம் 25 துண்டுதான். அம்மாயியை (அம்மாவின் அம்மாவை)ப் பேச வைத்துப் பதிவு செய்தேன். "குதிரை, எஃப், மூணு" என்று சொல்கிறது. அந்த போர்டின் ஆர்எக்ஸ் (கட்டளை வாங்குகிற) காலில் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் போடும் வரைக்கும் ஸ்பீக்கரில் இரைச்சல் வந்துகொண்டே இருந்தது, யாராவது செய்தால் முதலிலேயே போட்டுவிடுங்கள்.

மெஷினின் காயையும் அவரேதான் நகர்த்துகிறார். கட்டிலிலிருந்து எழ வேண்டியதில்லை, கை எட்டுகிறது. ஒரே ஒரு குறை சொன்னார், சில நகர்வுக்கு அது யோசிக்காமல் பட்டென்று பதில் சொல்கிறதாம். எதிராளி அப்படி ஆடினால் அவருக்குப் பிடிக்காது. எவ்வளவு சீக்கிரம் முடித்தாலும் பத்து நொடி காத்திருந்து சொல்கிற மாதிரி மாற்றிவிட்டேன். சர்க்யூட் படம் ஞாயிற்றுக்கிழமை வரைந்து போடுகிறேன்.